பாழ்மனையும் வாகனமும்

ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் விடுமுறை நாள்களைக் கழிக்கும் நம் இளைஞர்களிடம் அவர்களுடைய பிக்கப் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும். எஞ்சின், டயர், மலைப்பாதையில் அது ஏறிய ஏற்றம் என்று பேச்சுத் தொடங்கும். ஆனால் கால் நாழிகைக்குள் அது திசை மாறிவிடும். பாட்டனாரின் தோல் மண்டி, ஆவாரம்பட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டி, பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டது, பெருநாள் தொழுகைக்குக் குதிரை வண்டியில் போனது என்று ஊர்க்கதையில் வந்து நிற்கும். வண்டியைப் பேசத் தொடங்கியவர் ஏன் ஊரைப் பேசி முடிக்கிறார்? பெரியவர்களில் சிலர் இதனை வீண்பேச்சு என்பர். இரும்பின்மீது வைத்த மோகம் என்பாரும் உளர். நமக்கோ இது மிகப் பழைய இலக்கிய மரபொன்றின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது.

அரபு மதரஸாக்களின் மேல்வகுப்புகளில் ஓதப்படும் முஅல்லகாக்களை நினைவுகூர்வோம். கஸீதாவின் தொடக்கத்தில் புலவன் பாழ்மனையின் முன் நிற்பான்; காதலியின் கூட்டத்தார் கூடாரமடித்துத் தங்கிப் போன இடத்தின் சுவடுகளைக் கண்டு கலங்குவான். இதனை நஸீப் என்பர். அதன்பின் திடீரெனத் தன் ஒட்டகத்தைப் பாடத் தொடங்குவான். இது ரஹீல், அதாவது பயணப் பகுதி. இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை, அழுகையை நிறுத்திக்கொள்ள ஒட்டகம் ஒரு சாக்கு என்பது பலர் கொண்ட கருத்து. தமிழில் எடுத்துச் சொல்வோரும் பாழ்மனையைச் சுவைபடச் சொல்லிவிட்டு, ஒட்டகப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர்.

இக்கருத்தோடு நாம் உடன்படவில்லை. தரஃபாவின் முஅல்லகாவையே சான்றாகக் கொள்வோம். இளம்வயதிலேயே கொல்லப்பட்ட அப்புலவன், கௌலா என்பவள் தங்கிய இடத்தின் சுவடுகளைப் புறங்கையில் மங்கிய பச்சைக்குத்துக்கு ஒப்பிட்டுத் தொடங்குகிறான். பின்னர் ஏறத்தாழ முப்பது அடிகளைத் தன் பெண் ஒட்டகத்துக்கே ஒதுக்குகிறான். அதன் தொடைகள் உயர்ந்த கோட்டையின் இரு கதவுகள். உடல், ரோமானியன் செங்கல் வைத்துக் கட்டிய பாலம். நிமிர்ந்த கழுத்து, திஜ்லா நதியில் எதிரேறும் படகின் சுக்கான். மண்டை கொல்லனின் பட்டறைக்கல். கன்னம் ஷாம் தேசத்துக் காகிதம். உதடு யமன் தேசத்தில் பதனிட்ட தோல்.

இவ்வுவமைகளை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். பாலைவனத்துக்குரியவை இவற்றுள் எத்தனை? கதவு, பாலம், படகு, பட்டறைக்கல், காகிதம், தோல் ஆகிய அனைத்தும் மனிதர் நிலையாகக் குடியிருக்கும் ஊர்களில் கைத்தொழிலாளர் செய்யும் பொருள்கள். குடியிருப்பு அழிந்த இடத்தில் நின்று அழுதவன், அடுத்த கணம் தன் வாகனத்தின்மீது ஓர் ஊரையே கட்டி எழுப்புகிறான். இழந்த ஊரை ஏற்றிச் செல்லவே அவனுக்கு ஒட்டகம் வேண்டியிருக்கிறது. ஆகவே நஸீபும் ரஹீலும் இரண்டல்ல என்பதே நம் துணிபு.

அந்தத் தோல் உவமையில் சற்றே நிற்க விரும்புகிறோம். தரஃபா ஆளும் சொல் ‘ஸிப்த்’. ‘கரள்’ கொண்டு பதனிட்ட மாட்டுத்தோல் என்று உரைகாரர் பொருள் கூறுவர். கரள் என்பது நம் கருவேல மரத்தின் காய்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுக் குடும்பத்தாருக்கு இதற்கு அகராதி வேண்டியதில்லை. நன்கு பதனிட்ட தோலைக் கையால் தடவிப் பார்த்தவர் அந்த ஒட்டகத்தின் உதட்டைத் தொட்டவரே ஆவார். (எங்கோ இருந்துகொண்டு இவ்வரிக்கு ‘மென்மையான உதடு’ என்று மட்டும் பொருள் எழுதிப் போவோர்மீது நமக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.)

தமிழ் மரபில் இந்த உறவு வேறு திசையில் ஓடுகிறது. அரபுப் புலவனின் ஒட்டகம் பாழ்மனையை விட்டு அகலும். முல்லைத் திணைத் தலைவனின் தேரோ வீடு நோக்கி விரையும். வினை முடித்தவன் பாகனை விரைந்து ஓட்டச் சொல்வான். அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், பூவில் தாதுண்ணும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான். ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். கபிலர் வளைவும் உண்டு. முல்லைக்குத் தேரீந்த பாரி வளைவும் உண்டு. அவ்வளைவுகளில் காற்றொலிப்பானை அலறவிட்டு ஏறும் வண்டிக்காரர் அந்த மணிநாவைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வாகனத்தின்மீது அன்பு கொள்வது மார்க்கத்துக்கு ஒவ்வாதது அன்று. திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் கால்நடைகளைச் சொல்லும்போது, அவை சுமை சுமப்பதை மட்டும் சொல்லவில்லை. மாலையில் அவற்றை ஓட்டி வருவதிலும் காலையில் ஓட்டிச் செல்வதிலும் அழகு இருப்பதையும் சொல்கிறது. குதிரையும் கோவேறு கழுதையும் ஏறிச் செல்லவும் அலங்காரத்துக்கும் படைக்கப்பட்டன என்று கூறி, நீங்கள் அறியாதவற்றையும் இறைவன் படைப்பான் என்று முடிக்கிறது. பிற்கால விரிவுரையாளர் மோட்டார் வாகனங்களையும் இதில் அடக்குவர். அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரீயில் இடம்பெற்ற ஹதீஸொன்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்புகையில் மதீனாவின் சுவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததும், அவ்வூரின்மீது கொண்ட அன்பால் தம் ஒட்டகத்தை விரைவுபடுத்துவார்கள். ஊர்ப்பற்றுக்கும் ஊரேக்கத்துக்கும் இதில் ஆதாரம் உண்டென இப்னு ஹஜர் ஃபத்ஹுல் பாரீயில் எழுதினார். மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ‘ஊர்ப்பற்று ஈமானில் உள்ளது’ என்னும் வாசகத்தை ஹதீஸ் அல்ல என்று முஹத்திஸ்கள் தள்ளிவிட்டனர். இந்த ஸஹீஹான ஹதீஸ் இருக்கையில் அது நமக்கு எதற்கு?

இனி, குறை சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறோம். நம் வட்டாரத்து வண்டிப் பேச்சில் பாழ்மனையாக நிற்பது பாலாறு. ஊற்றுநீர் இனித்தது, கிணற்றில் குனிந்து மொள்ளலாம் என்றெல்லாம் கேட்கிறோம். பிறகு பேச்சு நேரே வண்டிக்குத் தாவிவிடுகிறது. இடையில் என்ன நடந்தது? அரபுப் புலவன் மனை பாழானதற்குக் காற்றையும் மழையையும் காட்டினான். அவன் சொன்னது உண்மை. நாம் காற்றைக் காட்ட முடியாது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில் தீர்ப்பளித்தது. அத்தொழிலில் வந்த செல்வத்தில்தான் பள்ளிகளும் கல்லூரிகளும் மதரஸாக்களும் எழுந்தன. பெருமைக்குரிய அதனைச் சொல்லும் வாய் இதனையும் சொல்ல வேண்டும். இதனை விழுங்கிவிடும் நினைவு இனிமையாக இருக்கலாம்; இலக்கியமாகாது.

வண்டியைப் பற்றிய பேச்சிலும் ஒரு விடுபடல் உண்டு. மலையில் அது விளையாட்டு வாகனம் மட்டும் அன்று. ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் சாமையும் புளியும் சந்தைக்கு இறங்குவதும், பேருந்து எட்டாத இடங்களில் மக்கள் ஏறிச் செல்வதும் இவ்வகை வண்டிகளிலேதான். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்து மலையூரான புலியூரிலிருந்து செம்பரைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அன்ஸாரித் தோழர் ஒருவரின் ஒட்டகம் பசியையும் மிகுந்த வேலையையும் பெருமானாரிடம் கண்ணீரோடு முறையிட்டதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். வண்டி முறையிடாது. அதன் சுமையை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு பாடுகிறவனையும் சேர்ந்தது.

அரபு நாட்டில் ஒட்டகத்தின் இடத்துக்கு மோட்டார் வந்தபோது, நபதீ என்னும் வழக்குமொழிக் கவிஞர் கைகட்டி நிற்கவில்லை. தூதுக்கு ஒட்டகத்தை ஏவிய பழைய துறையிலேயே காரையும் லாரியையும் ஏவிப் பாடினர். பதாவிகளின் இந்த மாற்றத்தை ஆராய்ந்த டான் சாட்டி என்னும் அம்மையார், 1986இல் வெளிவந்த தம் நூலுக்கு ‘ஒட்டகத்திலிருந்து லாரிக்கு’ என்னும் பொருள்படவே பெயரிட்டார். நம்மிடம் உமறுப் புலவர் இருந்தார். சீறாப்புராணத்து நாட்டுப்படலத்தில் அரபு நாட்டுக்குத் தமிழகத்து ஆற்றையும் வயலையும் அழைத்துச் சென்றார். அவ்வழியில் வந்த நம் எழுத்தாளர்கள் இன்னும் ஒட்டகத்தையே பாடிக்கொண்டிருக்கின்றனர். வாணியம்பாடிச் சாலையில் ‘மாஷா அல்லாஹ்’ என்று முகப்பிலும், ஊர்ப்பெயர் பக்கப் பலகையிலும், பிள்ளைகளின் பெயர்கள் பின்புறத்திலும் எழுதிக்கொண்டு போகும் வண்டியை அவர்கள் கண் காணவில்லை. 2005இல் டாட்டா ஏஸ் வந்தபோது அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயர் வைத்தது தமிழ்நாட்டுத் தெருவே.