விரிந்த துடுப்பு

கோய் என்னும் வண்ணக் கெண்டை மீனை விடியற்காலையில் பார்க்க வேண்டும். தீர்த்தமலை அடிவாரத்தில், தொட்டிமேல் வெயில் விழுமுன், அதன் மார்புத் துடுப்புகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதையே முதலில் கவனிப்பேன். நலமான மீன் ஓரிடத்தில் நிற்கும்போதும் அவை விசிறியாய் விரிந்து, மாறிமாறி மெல்லத் துழாவிக்கொண்டிருக்கும். சிவப்பும் வெள்ளையும் சேரும் விளிம்பின் கூர்மையைவிட இந்த அசைவுதான் எனக்குப் பேரழகு. நோய் முதலில் தொடுவதும் இதைத்தான். துடுப்புகள் உடலோடு ஒட்டிக்கொள்ளும். மீன் கூட்டத்தை விட்டு மூலைக்கு ஒதுங்கும்.

விடியலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் நேரம் அது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்துச் சிலர் பொரி தூவுகிறார்கள். அது அழுகி, மிச்சமிருக்கும் வாயுவையும் தீர்த்துவிடும். தீனியை நிறுத்திவிட்டு, நீரை உயரத்திலிருந்து விழவிட வேண்டும். மலைமேல் இராமர் தீர்த்தம் பாறையிலிருந்து விழுந்து சிதறுகிறதே, அப்படிச் சிதறும்போதுதான் நீர் காற்றை வாங்கிக்கொள்கிறது. கால்வாசித் தண்ணீரை மாற்றுவதும் நல்லது. ஆனால் குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்துவைத்து ஊற்றாவிட்டால் செவுள் வெந்துபோகும்.

இன்னொரு சைகை, உரசல். மீன் திடீரெனச் சாய்ந்து தரையில் தேய்த்து, வயிறு மின்னத் திரும்பும். பார்க்க விளையாட்டு, உள்ளே அரிப்பு. கூர்ந்து பார்த்தால் செதிலோரம் மீன் பேன் தெரியும். சில மில்லிமீட்டரே உள்ள, ஊடுருவித் தெரியும் தட்டை உடல். இரண்டு கரும்புள்ளிக் கண்கள். பற்றிக்கொள்ள இரண்டு உறிஞ்சு வட்டங்கள். பகையாளிதான், ஆனாலும் என்ன கச்சிதம்! முட்டையிட மீனைவிட்டு இறங்கி, கல்லிலும் சுவரிலும் வரிசையாக ஒட்டிவைக்கும். ஆகவே மீன்மேல் இருப்பதை எடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சோர்ந்த மீனுக்குத் தனித்தொட்டியும், லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்த கல்லுப்பும் பெரிய ஆறுதல். நன்னீர் மீன் தன் உடலுக்குள் புகும் நீரை ஓயாமல் வெளியேற்றியபடியே வாழ்கிறது. உப்பு அந்தப் பாரத்தைக் குறைக்கிறது. செதில்கள் தூக்கி நிற்கும் அளவுக்கு உடல் வீங்கிவிட்டால் மீட்பது அரிது.

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலிருந்து வாங்கிவரும் புது மீனை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும். 1998இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கோய்களைக் கூட்டமாகக் கொன்ற ஹெர்பிஸ் வைரஸுக்கு மருந்து கிடையாது. குழிந்த கண்ணும் திட்டுத்திட்டாய் வெளுத்த செவுளும் நம் கண்ணில் படுவதற்குள் அது தொட்டி முழுக்கப் பரவியிருக்கும்.