அண்ணன் வெட்டிய மூன்று வாக்கியங்கள்

வீடு மாறும்போதுதான் பழைய தாள்கள் கையில் சிக்கும். சென்ற மாதம் அப்படி ஒரு கோப்பு கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு ஓராண்டு இளையவனான ஒரு தம்பி படிக்கக் கொடுத்த சிறுகதையின் அச்சுப்பிரதி. ஆறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை, எல்லாம் என் கையெழுத்து. முதலில் சிரிப்பு வந்தது. நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டது.

கதை ஒரு தோட்டத்துப் பாட்டியைப் பற்றியது. விடியற்காலைப் பெரட்டு, பால்மரம், மங்கு, கண்டக்டரின் ஏச்சு, கோயில் திருவிழா, கடைசியில் தோட்டத்தை விட்டு வெளியேறும் லாரி. மலேசியச் சிறுகதைகளைக் கொஞ்சம் வாசித்தவருக்கே இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும். தம்பி தோட்டத்தில் வளர்ந்தவன் இல்லை, மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். அவன் எழுதிய தோட்டம் அவன் வாசித்த கதைகளிலிருந்து வந்தது.

ஆனால் நான்காம் பக்கத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. பாட்டி இப்போது பதினொன்றாவது மாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, சப்பாத்து மாட்டி, மின்தூக்கியில் கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்து விளக்குக் கம்பத்தின் கீழே நிற்கிறார். கொஞ்ச நேரம் யாரும் பேர் கூப்பிடவில்லை என்றதும், மேலே ஏறி வந்து மறுபடியும் படுத்துக்கொள்கிறார்.

அந்த மூன்று வாக்கியங்களின் மேல் நான் குறுக்குக் கோடு போட்டிருக்கிறேன். ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: ‘தேவையில்லை. கதை தோட்டத்திலேயே நிற்கட்டும்.’

தம்பி வெட்டினான். கதையைப் போட்டிக்கு அனுப்பினான். ஆறுதல் பரிசும் கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு கதை எழுதினான், அப்புறம் எழுதவில்லை. என்னால்தான் அவன் நிறுத்தினான் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைத் தற்பெருமைதான். வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று நிறுத்துவதற்கு எத்தனையோ காரணம் உண்டு. ஆனால் அந்தக் கதையில் உயிரோடு இருந்தது அந்த இடம் ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்துக் கொன்றவன் நான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எழுதிப் பழகுகிறவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வதைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ஒரே புகாரைத்தான் வைக்கிறோம்: இங்கே யாரும் உண்மையைச் சொல்வதில்லை. புலனக் குழுவில் கதையைப் போட்டால் ‘அருமை’, ‘வாழ்த்துகள் தம்பி’, மூன்று கைதட்டல் படம். சரியான புகார்தான். ஆனால் அதற்கு மாற்றாக நாம் கற்பனை செய்வது சிவப்பு மையைத்தான். ‘அருமை’ சொல்பவன் கோழை, வெட்டுபவன் நேர்மையாளன். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த ஆறு பக்கத்தில் நான் கோழையாக இல்லை, நேர்மையாக இருந்தேன். நேர்மையாகத் தப்பாகச் சொன்னேன்.

அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது? சிவப்பு மையில் எழுதியவற்றை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒற்றுப்பிழை. அடுத்து ‘வருணனை போதாது’, ‘உவமை சேர்க்கலாம்’, ‘முடிவில் கருத்து வரவேண்டும்’. இது வாசகன் எழுதியதல்ல, தேர்வுத்தாள் திருத்துபவர் எழுதியது. ஆரம்பப் பள்ளியிலேயே நாம் மரபுத்தொடரும் இணைமொழியும் உவமைத்தொடரும் மனனம் செய்து கட்டுரையில் பதிக்கப் பழகியவர்கள். பதித்தால் புள்ளி. யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், பி.டி.3ஐ 2022இல் எடுத்துவிட்டார்கள். எங்கள் தலைமுறையின் தலைக்குள் அவை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மொழியணியைக் குறை சொல்லவில்லை, அது மொழிச் செல்வம். ஆனால் ‘இந்தக் கதையில் என்ன இல்லை’ என்று தேடும் கண்ணை அந்தப் பயிற்சி கொடுத்தது. ‘இந்தக் கதையில் என்ன இருக்கிறது’ என்று பார்க்கும் கண்ணை யாரும் கொடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் பாட்டிக்கு எந்தப் பட்டியலிலும் புள்ளி கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது இன்னும் சங்கடமானது. எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாக அவன் கதையை மாற்ற நினைத்தேன். தோட்டத்துக் கதை என்றால் இப்படித்தான் என்று என் மனதில் ஓர் அச்சு இருந்தது. அந்த அச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரே பகுதியை நறுக்கினேன். எழுதிப் பழகும் காலத்தில் நல்ல இடம் பெரும்பாலும் பிழை மாதிரிதான் தெரியும். மற்ற பத்திகளோடு ஒட்டாமல், நடை மாறி, அளவு குறைந்து நிற்கும். சக மாணவனிடம் கதையைக் கொடுப்பதில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். அவனும் அதே கதைகளைப் படித்தவன், அதே அச்சு அவனிடமும் இருக்கும்.

சக மாணவன் என்ற ஆள் நமக்குப் புதியவர் அல்ல. நன்னூலில் பவணந்தியார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பழகும்போது இன்னொரு கால். மீதி அரை, தான் மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. ஆசிரியருக்குக் கொடுத்த அதே பங்கைச் சக மாணவருக்கும் கொடுத்திருக்கிறார்! நாம்தான் அந்தக் காலை அரைகுறையாக வைத்திருக்கிறோம்.

அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. ஒருவர் தன் நூலைத் தானே புகழக் கூடாது, எனவே சிறப்புப் பாயிரத்தைப் பிறர் செய்ய வேண்டும். யார் செய்யலாம் என்ற பட்டியலில் ஆசிரியர், மாணவர், உரைகாரர் ஆகியோரோடு உடன் கற்றவரும் இருக்கிறார். அந்தப் பாயிரம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது, எட்டுச் செய்தி. இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்பவர், பயன். எனக்கு இது வேடிக்கையாகவும் வெட்கமாகவும் இருந்தது. புகழ்ச்சிக்கே எட்டு நிபந்தனை. எது பற்றியது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, யாருக்கு, என்ன பயன் என்று சொல்லாமல் புகழ முடியாது. நம்முடைய ‘அருமை’ இதில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. ‘அருமை’ பொய் என்பதைவிட, படித்ததற்கான அடையாளமே அதில் இல்லை என்பதுதான் பெரிய குறை.

இந்த நாட்டுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். 1952இல் அதே நாளிதழுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளைப் பேச வைத்தார். வகுப்பு என்பது ஆசிரியர் சொல்லிக் கொடுப்பது, வட்டம் என்பது எல்லாரும் ஒரே உயரத்தில் உட்காருவது. எழுத ஆரம்பிப்பவருக்கு இரண்டும் வேண்டும். நம் பயிலரங்குகளுக்கு வட்டம் என்று பெயர் வைத்தாலும், உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வகுப்புதான் நடக்கிறது.

ஏன் என்று யோசித்தால் ‘அண்ணன்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். தம்பிக்கும் எனக்கும் ஒரே வருட வித்தியாசம். ஆனாலும் நான் அண்ணன், அவன் தம்பி. இந்த முறைப்பெயர்களில் அன்பு இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அண்ணன் சொல்வது கருத்தாகப் போய்ச் சேர்வதில்லை, உத்தரவாகப் போய்ச் சேர்கிறது. ‘தேவையில்லை’ என்று நான் எழுதியபோது அது ஒரு வாசகனின் அபிப்பிராயம். அவன் படித்தபோது அது தீர்ப்பு. நம் சூழலில் ‘சக’ மாணவர் கிடைப்பதே கஷ்டம். யாராவது ஒருவர் அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிவிடுகிறார்.

அமெரிக்க எழுத்துப் பயிலரங்குகளில் பரவலாக ஒரு பழக்கம் உண்டு. கதையைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. தற்காப்புப் பேச்சைத் தடுக்க அது நல்ல வழி. ஆனால் இங்கே எழுதியவர் ஏற்கெனவே மௌனமாகத்தான் இருக்கிறார். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாத மௌனம் அது. அதன்மேல் இன்னொரு விதி எதற்கு? தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் உரை எழுதும்போது ஒரு கதை சொல்கிறார். அகத்தியருக்குத் தொல்காப்பியர்மேல் கோபம். அவன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்கிறார். அதங்கோட்டாசானால் தொல்காப்பியரின் வேண்டுகோளைத் தட்டவும் முடியவில்லை, ஆசிரியர் சொல்லை மீறவும் முடியவில்லை. நூலைக் கேட்டுக் குற்றம் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்கிறார். அவர் குற்றம் சொல்லச் சொல்லத் தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறார். இருவருமே அகத்தியரின் மாணவர்கள், அதாவது சக மாணவர்கள். பாயிரம் பாடிய பனம்பாரனாரும் உடன் படித்தவர் என்பதுதான் மரபு. கதை நடந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். நம் மரபு கற்பனை செய்த அரங்கேற்றத்தில் எழுதியவர் பதில் சொல்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். தம்பி அன்று ஒரு தடவை, ‘இல்லண்ணே, இது இருக்கணும்’ என்று சொல்லியிருந்தால் கதை பிழைத்திருக்கும். அவன் அதைச் சொல்லக்கூடிய இடத்தை நான்தான் கொடுத்திருக்க வேண்டும்.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் ஆசிரியர் இல்லாமல் எழுதிப் பழகுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வாசகர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், படிக்கும்போது தன் மனதுக்குள் என்ன ஓடியது என்று மட்டும் சொல்லட்டும் என்பது அவர் யோசனை. எங்கே ஆர்வம் வந்தது, எங்கே மனம் வேறு பக்கம் போனது, எங்கே குழம்பியது. இதில் வாசகர் தப்பாகச் சொல்ல வழியே இல்லை, தனக்கு நடந்ததைத்தானே சொல்கிறார். நான் அப்படி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? ‘முதல் மூன்று பக்கம் வேகமாக ஓட்டிவிட்டேன், தெரிந்த விஷயமாக இருந்தது. நான்காம் பக்கத்தில் பாட்டி கீழே இறங்கினதும் நின்றேன். ஏனோ பிடிக்கவில்லை, ஒரு மாதிரி இருந்தது.’ அந்த ‘ஒரு மாதிரி இருந்தது’ போதும். அவன் அதை வைத்துக்கொண்டு யோசித்திருப்பான். அன்று என்னைத் தொந்தரவு செய்ததை நான் ‘தேவையில்லை’ என்று மொழிபெயர்த்துவிட்டேன்.

கேள்வி கேட்பதிலும் கவனம் வேண்டும். தமிழில் ‘ஏன்’ என்று ஆரம்பித்தாலே ஏச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். ‘ஏன் இதை இங்க வெச்ச?’ என்று கேட்டால் எழுதியவன் அதை எடுத்துவிடுவான். ‘பாட்டி அங்க யாருக்காக நிக்கிறாங்க?’ என்று கேட்டால் அவன் கதையைச் சொல்ல ஆரம்பிப்பான். இது சின்ன வித்தியாசம். நான் இப்போது பார்க்கும் மாணவர் கூட்டங்களில் இந்த ஒன்றை மட்டும்தான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

கருத்து வாங்குகிறவருக்கும் ஒரு வேலை உண்டு. எல்லாவற்றையும் உடனே ஏற்பது பணிவு இல்லை, கதையின் பொறுப்பை அடுத்தவர் தலையில் வைப்பது அது. உங்கள் கதையில் ஒரே இடத்தை மூன்று பேர் தொட்டால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பிழையா உயிரா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், பழைய பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள்.

தாளைக் கண்டெடுத்த அன்று இரவே தம்பிக்குப் போன் செய்தேன். அந்த மூன்று வாக்கியங்களை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அது எங்க பாட்டிண்ணே. உண்மையாவே போய் நிப்பாங்க. நான்தான் தெனமும் போய் மேல கூட்டிட்டு வருவேன்.”

“அப்ப ஏன்டா வெட்டுன?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ‘ஏன்’ என்று ஆரம்பித்தது உறைத்தது.

“நீங்கதானே சொன்னீங்க.”

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. இன்னும் பதில் வரவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.