கோபால் பயந்த ரயில்

'புதிய பறவை' என்றதும் எல்லோருக்கும் பாட்டு நினைவுக்கு வரும். எனக்கு ஒரு ரயில். அது கடந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கோபாலாக வரும் சிவாஜி கணேசனின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். கூட இருக்கும் லதா, நம் சரோஜாதேவி, அதைக் கவனித்துவிடுவாள். அந்தப் பார்வையில் இருந்துதான் முடிச்சு அவிழத் தொடங்குகிறது.

ஜொகூர் பாருவில் வளர்ந்த எனக்கு அந்த ரயில் சொந்த ஊர்ச் சமாச்சாரம். கோபாலின் முதல் மனைவி சித்ரா சிங்கப்பூரில் பாடகி. தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தவள் என்கிறது கதை. அந்தக் காலத்துச் சிங்கப்பூர் ரயில், தஞ்சோங் பகாரில் புறப்பட்டு ஜொகூர் பாலத்தைக் கடந்து எங்கள் ஊருக்குள் நுழையும் ரயில்தான். பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியது 1923இல். அம்மா இந்தப் படத்தைக் கித்தா தோட்டத்துத் திடலில், திரை கட்டிப் போட்டபோது பார்த்தவர். தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போகும்போது ரயில் சத்தம் கேட்டால், "கோபால் பயந்த ரயில் இதுதான்டி" என்பார்.

கதையின் மூலம் பிரிட்டிஷ் படம். மைக்கேல் ஆண்டர்சன் இயக்கி 1958இல் வந்த 'சேஸ் எ குரூக்கெட் ஷேடோ'. ஸ்பெயின் கடற்கரை மாளிகையில் தனியாக இருக்கும் பணக்காரப் பெண்ணிடம், இறந்துபோன அவளுடைய அண்ணன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்பான். வங்காளத்தில் உத்தம் குமார் நடித்த 'சேஷ் அங்க' (1963) அந்த அண்ணனை மனைவியாக மாற்றியது. அதைத் தொட்டுத் தமிழில் 1964 செப்டம்பர் 12 அன்று வெளியானது தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'. வசனம் ஆரூர்தாஸ். சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு.

அண்ணன் மனைவியானதும் கதையின் சூடே வேறு. சொத்துக்கும் சந்தேகத்துக்கும் நடுவே ஓடிய கதைக்குள் பொறாமையும் ஆத்திரமும் காதலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கோபாலும் லதாவும் மணமேடைக்கு நெருங்கும் நேரம் பார்த்து, செத்துப்போனவள் வாசலில் வந்து நிற்கிறாள். 'இவள் சித்ரா இல்லை' என்று கோபால் கதறுகிறான். அவன் எவ்வளவுக்குக் கதறுகிறானோ அவ்வளவுக்கு நாம் அவன் பக்கம் சாய்கிறோம். நம்மை அப்படிச் சாய வைத்ததுதான் படத்தின் கெட்டிக்காரத்தனம்.

மர்மப் படத்தில் பாட்டு இடைஞ்சல் என்பார்கள். இங்கே பாட்டே சாட்சி. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' முதலில் கிளப்பில் வருகிறது. பி. சுசீலாவின் குரலில் அவசரமே இருக்காது. கண்ணீர் வேடங்களுக்கே பழகிப்போன சௌகார் ஜானகி, சித்ராவாக அந்தப் பாட்டுக்குள் அளந்து அளந்து நடப்பார். சிவாஜி சிகரெட்டும் கையுமாய்ப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அது காதலுக்கு விடுத்த அழைப்பு. பின்னால் அதே பாட்டு சோகச் சாயலில் திரும்பி வரும்போது, அதே கேள்வி விசாரணைக் கூண்டில் கேட்கிற கேள்வியாகிவிடுகிறது. ஒரே சொல், ஒரே மெட்டு; முதலில் மயக்கியது, பிறகு மிரட்டுகிறது. இத்தனைக்கும் கண்ணதாசன் போட்டது அன்றாடம் நாம் பேசுகிற சொற்கள். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து இசையமைத்த படங்களில் கதையின் முடிச்சையே ஒரு பல்லவி சுமந்தது இதில்தான் என்பேன்.

சரோஜாதேவி "கோபால்" என்று கூப்பிடுவதை மேடைக்கு மேடை நடித்துக் காட்டி மலிவாக்கிவிட்டார்கள். படத்துக்குள் வைத்துக் கேளுங்கள். கப்பலில் ஒரு கோபால், ஊட்டி பங்களாவில் ஒரு கோபால், கடைசிக் காட்சியில் ஒரு கோபால். மூன்றும் மூன்று குரல். முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்த்தால், முதல் தடவை கொஞ்சலாகக் கேட்டதற்குள்ளே ஒரு தயக்கம் ஒளிந்திருப்பது காதில் விழும். எம்.ஆர். ராதாவின் இழுவைப் பேச்சையும் வி.கே. ராமசாமியின் அப்பாவித்தனத்தையும் அந்த இரண்டாம் தடவையில்தான் முழுதாக ரசிக்க முடிந்தது.

'எங்கே நிம்மதி' பாட்டில் சிவாஜி நடித்தது அதிகம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். படம் முழுக்க அடக்கி வைத்த ரகசியம் வெடிக்கப் பார்க்கிற இடம் அது. அடக்கமாகப் பாடியிருந்தால் அந்த ரயில் காட்சியே பொய்யாகியிருக்கும்.

பிரிட்டிஷ் படத்தின் கடைசியில் அதன் தயாரிப்பாளர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் திரையில் தோன்றி, முடிவை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். 60 ஆண்டு தாண்டியும் நானும் சொல்லவில்லை. நீங்களும் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கடைசிக் காட்சி வரும்வரை தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.