வாஷிங்டனின் பிரியாவிடை உரையும் ‘தனித்திருக்கும் கொள்கை’ என்ற பெயரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், மூன்றாம் முறை அப்பதவிக்கு வரப்போவதில்லை என்று அறிவித்து நாட்டு மக்களுக்கு எழுதிய கடிதம் ‘பிரியாவிடை உரை’ எனப்படுகிறது. உரை என்பது பெயர்தான். அதை அவர் எந்த மேடையிலும் பேசவில்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் அது அச்சில் வெளிவந்தது. ஜேம்ஸ் மாடிசன் 1792-இல் எழுதித் தந்த வரைவும், பின்னர் அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை விரித்து எழுதியதும் அதில் கலந்திருக்கின்றன.

அமெரிக்க வெளியுறவுக் கொள்கை பற்றிய பாடம் பெரும்பாலும் இந்தக் கடிதத்தில்தான் தொடங்குகிறது. கூடவே ‘தனித்திருக்கும் கொள்கை’ என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொள்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தைத் தவிர்த்தால் 1941 வரை அமெரிக்கா உலக விவகாரங்களில் தலையிடவில்லை என்று மாணவர்கள் எழுதுவதற்கு இந்தப் பெயரே காரணம். கடிதத்தைப் படித்துப் பார்த்தால் பெயர் பொருந்தவில்லை.

கடிதத்தின் பெரும்பகுதி உள்நாட்டைப் பற்றியது: கட்சிப் பூசல், வட்டாரப் பகைமை, அரசியலமைப்பின் மீது வைக்க வேண்டிய மதிப்பு. வெளியுறவு பிற்பகுதியில்தான் வருகிறது. எல்லா நாடுகளுடனும் வணிகம் செய்யலாம். அரசியல் பிணைப்பு மட்டும் இயன்றவரை குறைவாக இருக்கட்டும். ஏற்கெனவே கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். புதிதாக நிரந்தரக் கூட்டணி வேண்டாம். மிக நெருக்கடியான வேளையில் தற்காலிகக் கூட்டணிக்கு அதில் இடம் உண்டு. சிக்கவைக்கும் கூட்டணிகள் என்ற புகழ்பெற்ற தொடரை வாஷிங்டன் கணக்கில் எழுதுவோர் பலர். அது தாமஸ் ஜெஃபர்சன் 1801-இல் பதவியேற்றபோது சொன்னது.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னணி உண்டு. 1778-இல் பிரான்சுடன் செய்துகொண்ட கூட்டணி விடுதலைப் போரில் பெரும் துணையாக இருந்தது. 1793-இல் பிரான்சும் பிரிட்டனும் மோதியபோது அதுவே பெருஞ்சுமையானது. வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார். பிரெஞ்சுத் தூதர் ஜெனே அதைப் பொருட்படுத்தாமல், பிரிட்டன் கப்பல்களைத் தாக்க அமெரிக்கத் துறைமுகங்களிலேயே தனியார் கப்பல்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கினார். 1794-இல் ஜான் ஜே பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கையோ நாட்டையே இரண்டாகப் பிளந்தது. ஒரு நாட்டின் மீது தீராத பகையோ மோகமோ கொண்ட தேசம் அந்த உணர்ச்சிக்கே அடிமையாகிவிடும் என்று கடிதம் சொல்வது இந்த அனுபவத்திலிருந்துதான். என் மதிப்பீட்டில் கடிதத்தின் சிறந்த பகுதி இதுவே. ஆனால் இதைக் கட்சி சாராத அறிவுரை என்று எடுத்துக்கொள்ள முடியாது. வரைவை விரித்தெழுதிய ஹாமில்டன் பிரிட்டன் பக்கம் சாய்ந்தவர். மோகம் என்ற சொல்லின் குறி பிரான்சை ஆதரித்தவர்கள்.

அடுத்து நடந்தவற்றைப் பார்ப்போம். 1823-இல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் கானிங் கூட்டறிக்கை வெளியிட அழைத்தார். ஜான் குவின்சி ஆடம்ஸ் அதற்கு இசையவில்லை. மன்றோ கோட்பாடு அமெரிக்காவின் தனிக்குரலாகவே வெளிவந்தது. 1846–48 போரின் முடிவில் மெக்சிகோவின் பெரும் நிலப்பரப்பு கைமாறியது. 1853-இல் பெர்ரியின் போர்க்கப்பல்கள் ஜப்பான் கரையில் நின்றன. 1898-இல் பிலிப்பைன்ஸ், புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், ஹவாய். ஹெயிட்டியில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கக் கடற்படைவீரர்கள் இருந்தார்கள். வெளிநாட்டவர் நிலம் வாங்க வழிசெய்த 1918 அரசியலமைப்பு அந்த ஆக்கிரமிப்பின் கீழ்தான் வந்தது. பாடநூல்கள் ‘தனித்திருந்த’ காலம் என்று சொல்லும் ஆண்டுகளும் இவற்றுள் அடங்கும். ஹெயிட்டியில் ஒரு மாணவருக்கு இந்தச் சொல்லை எப்படி விளக்குவது?

ஐரோப்பாவைப் பொறுத்தவரையாவது பெயர் சரிதானே என்பார்கள். 1919-லும் 1920-லும் வெர்சாய் உடன்படிக்கையை செனட் நிராகரித்தது உண்மை. 1935 முதல் நடுநிலைச் சட்டங்கள் வந்ததும் உண்மை. ஆனால் 1921–22-இல் கடற்படைக் குறைப்பு மாநாட்டைக் கூட்டியது வாஷிங்டன் நகரம்தான். 1924-இல் ஜெர்மனியின் இழப்பீட்டுச் சிக்கலைத் தளர்த்தியது அமெரிக்கரான டாவ்ஸ் பெயரிலான திட்டம். செனட்டர் லாட்ஜின் முக்கிய எதிர்ப்பு பன்னாட்டுச் சங்க உடன்படிக்கையின் 10-ஆம் பிரிவின் மீது இருந்தது. உறுப்பு நாடு தாக்கப்பட்டால் துணைநிற்க வேண்டிய கடமையை அது விதித்தது. வெளியுலகில் செயல்படுவதை அவர் எதிர்க்கவில்லை. எப்போது செயல்படுவது என்பதைப் பிறர் முடிவு செய்வதைத்தான் எதிர்த்தார். எனவே ‘கட்டுப்படாக் கொள்கை’ என்பதே பொருத்தமான பெயர். தேர்வில் பாடநூலின் சொல்லைத்தான் எழுத வேண்டும் என்றால், ‘ஐரோப்பியக் கூட்டணிகளிலிருந்து’ என்பதை முன்னால் சேர்த்து எழுதுங்கள்; பிழை பெருமளவு குறையும்.

பிரான்சுடனான கூட்டணி 1800-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு ஐரோப்பிய நாடுகளுடன் அமைதிக்கால இராணுவக் கூட்டணி ஒன்றில் அமெரிக்கா சேர ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. 1949 ஜூலையில் நேட்டோ ஒப்பந்தத்தை செனட் 82-க்கு 13 என்ற வாக்குகளில் ஏற்றது. அதே செனட்டில் ஆண்டுதோறும் வாஷிங்டன் பிறந்தநாளையொட்டி இந்தக் கடிதம் முழுமையாக வாசிக்கப்படுகிறது.