இத்தலாரில் வெள்ளை எப்படி நியூட்ரல் ஆகும்?

நியூட்ரல் கலர் எந்த இடத்துக்கும் பொருந்தும் என்பது பெயின்ட் கடையிலும் யூடியூபிலும் அடிக்கடி கேட்கிற வாக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இத்தலார், எமரால்டு பக்கம் தேயிலைக்கும் கேரட் தோட்டத்துக்கும் நடுவே ஒரு 'ஃபார்ம்ஹவுஸ்' கட்டி, தூய வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல் என்று முடித்தால், அந்தச் சரிவில் முதலில் கண்ணில் குத்துவது அந்த வீடுதான்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை அளக்கிறார்கள். பளிச் வெள்ளை சுமார் 85. கறுப்பு 5 பக்கம். தேயிலைச் செடியும் ஈரச் செம்மண்ணும் இந்த அளவுகோலின் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். சுற்றிலும் மங்கலாக இருக்கிற இடத்தில் 85ஐக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

இந்த வெள்ளை-கறுப்பு ஜோடியைப் பரவலாக்கியதில், 2013இல் தொடங்கிய 'ஃபிக்ஸர் அப்பர்' என்ற டெக்சாஸ் டிவி நிகழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா அமெரிக்காவின் பழைய பண்ணைகள் டிவி பார்த்து நிறம் தேடவில்லை. மலிவாகக் கிடைத்த சுண்ணாம்பை வேலியிலும் தொழுவத்திலும் அடித்தார்கள். தானியக் கொட்டகையின் சிவப்பு, இரும்பு ஆக்சைடு. நீலகிரி மண்ணைச் சிவப்பாக்குவதும் இரும்பு ஆக்சைடுதான் (இதைத்தான் நம் ஆட்கள் மறைக்கப் பார்க்கிறார்கள்!).

மறைக்கவும் முடியாது. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு வேண்டாம், சாதாரணத் தென்மேற்குப் பருவமழையே போதும். சொட்டும் தண்ணீர் மண்ணைத் தெறித்து, சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செந்நிறப் பட்டை போட்டுவிடும். வெயில் படாத சுவரில் பாசியும் கரும்பூஞ்சணமும் ஏறும். திரும்ப அடிக்கணும்னா பெயின்ட் விலையைவிட சாரமும் கூலியும்தான் கையைக் கடிக்கும். ஹோம்ஸ்டே நடத்தி வங்கிக் கடன் கட்டுகிறவருக்கு இது ரசனைப் பிரச்சினை இல்லை.

"அந்தக் காலத்துல வெள்ளைதானே அடிச்சாங்க?" என்று கேட்கலாம். அடித்தார்கள்தான், ஆனால் சுண்ணாம்பு. அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் எளிதில் வளராது. அழுக்கானால் சின்ன செலவில் மறுபடி ஒரு பூச்சு. அந்த வெள்ளையில் பளபளப்பும் கிடையாது. அக்ரிலிக் வெள்ளையில் இந்த மூன்றுமே இல்லை.

சாம்பல் பக்கம் போகிறவர்களும் கவனிக்கணும். மேகமூட்ட ஒளியில் நீலச்சாயல் கூடும். கடை விளக்கில் சாம்பலாகத் தெரிந்த ஷேடு, இங்கே சுவரில் வெளிர்நீலமாக நிற்கும். சாம்பல்தான் வேண்டுமென்றால் பழுப்பு கலந்ததாக எடுங்கள்.

என் தேர்வு: பேஸ்மட்டத்திலிருந்து இரண்டரை அடிக்குச் செம்பழுப்பு, அல்லது பூசாத கருங்கல். மேலே எல்.ஆர்.வி. 50-60க்குள் காய்ந்த புல் நிறம். ஜன்னலுக்குக் கறுப்புக்குப் பதில் கரும்பச்சை. கேத்தி பள்ளத்தாக்கின் ரோஸ், நீல வீடுகளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த நிறங்கள் தங்களை நியூட்ரல் என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஷேடு கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வடக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் மூணுக்கு மூணு அடி அடித்து, ஒரு பனிமூட்ட நாளிலும் ஒரு வெயில் நாளிலும் எதிர்ச் சரிவிலிருந்து பாருங்கள். தினமும் உங்கள் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.