மொரப்பூர்ச் சுவர்களும் மண்ணின் ஜீவராசிகளும்

சேலத்துக்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே, 1906-ஆம் ஆண்டில் தருமபுரிக்குக் குறுகிய இருப்புப்பாதை ஒன்று பிரிந்து சென்றதும், 1941-இல் அது பெயர்த்தெடுக்கப்பட்டதும் தவிர வேறு சரித்திரப் பிரசித்தி அதிகம் வாய்க்காத ஊர் மொரப்பூர். ஆயினும், குடியிருப்புகளின் சுவர்களில் அந்தந்த மண்ணுக்குரிய ஜீவராசிகளைத் தீட்டி அவற்றைப் பொலிவுறச் செய்யும் கலையை ஆராயப் புகுபவன், நியூயார்க்கிலோ புதுதில்லியிலோ தொடங்காமல் இந்த வட்டாரத்திலேயே தொடங்குவதுதான் நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கும் மல்லப்பாடியில், 1978-இல் பேராசிரியர் கே. வி. இராமன் கண்டறிந்து வெளிப்படுத்திய பாறை ஓவியங்களில், குதிரைமேல் அமர்ந்து பொருதும் வீரர்கள் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அவ்வோவியங்களுக்குப் பின்னர் இப்பகுதியெங்கும் எழுந்த நடுகற்களிலோ விலங்குகள் வெறும் அலங்காரமாக நில்லாமல் சம்பவத்தில் பங்குகொள்ளும் பாத்திரங்களாகவே நிற்கின்றன. செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில், மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு, கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்துத் தன் எஜமானனைக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலோ சண்டைச் சேவல் ஒன்றுக்கே கல் நட்டிருக்கிறார்கள். சிற்பி வடித்தது பொதுவானதொரு நாயை அன்று, ஊரார் பெயர் சொல்லி அழைத்த கோவிவனை. இந்தக் குறிப்பான தன்மையை அளவுகோலாகக் கொண்டு பார்த்தால், பிற்காலத்துச் சுவரோவியங்களில் எது தேறும், எது தேறாது என்பது எளிதில் விளங்கிவிடும்.

இடைக்காலத்தில் சுவர் வேறொரு வியாபாரத்துக்குப் போய்விட்டது. பொது இடங்களின் தோற்றம் கெடாமல் தடுக்க 1959-லேயே இம்மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டும், தேர்தல் நெருங்குமுன்பே கட்சிக்காரர்கள் சுவரை வெள்ளையடித்து ‘ரிசர்வ்’ செய்து வைக்கும் வழக்கம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. எழுத்தின் கீழ் மூலையில் தம் பெயரோடு ‘ஆர்ட்ஸ்’ என்று சேர்த்துக் கையெழுத்திட்டு ஜீவித்த பெயிண்டர்களின் பிழைப்பையோ பிளெக்ஸ் பேனர் வந்து பறித்துக்கொண்டது. 2009-ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளை விலக்கித் தமிழ்ப் பண்பாட்டுச் சித்திரங்களைத் தீட்டுவித்ததும், ஏறத்தாழ அதே காலத்தில் பெங்களூர் மாநகராட்சி விளம்பர ஓவியர்களைக் கொண்டு வனவிலங்குகளையும் நீர்வீழ்ச்சிகளையும் எழுதுவித்ததும், அத்தகையோர் கைகளுக்கு மறுபடியும் வேலை கொடுத்தன என்ற அளவில் உபகாரமான காரியங்களே. ஆனால் பெங்களூர்ப் புலிகளில் பல, நாட்காட்டியிலிருந்து இறங்கி வந்தவை போன்றிருந்தன என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

குறிப்பான தன்மையில் தேறிய உதாரணம் ஒன்று இருப்புப்பாதையிலேயே கிடைக்கிறது. ரயில் நிலையங்களை அழகுபடுத்தும் போட்டியில், 2018-இல் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டவை மகாராஷ்டிரத்தின் சந்திரபூர், பல்லார்ஷா என்னும் இரு நிலையங்கள். அண்மையிலுள்ள தாடோபா காட்டின் புலிகளையும் பிற பிராணிகளையும் அவ்வட்டாரக் கலைஞர்கள் சுவர்களில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நம் மதுரைக்கு அப்போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. சென்னைக் கண்ணகி நகரில் 2020 முதல் எழுந்த பெருஞ்சுவர் ஓவியங்களில், அங்குக் குடியமர்த்தப்பட்ட மக்களின் முகங்களே பிரதானம். விலங்குகளைப் பற்றிய இக்கட்டுரைக்கு அவை நேரடியாக உதவா.

கடல் கடந்து பார்த்தால், நியூயார்க்கில் பறவை ஓவியர் ஆடுபான் வாழ்ந்து மறைந்த மன்ஹாட்டன் வடபகுதியில், பருவநிலை மாற்றத்தால் நலிவுறும் வட அமெரிக்கப் பறவைகளைச் சுவர்களிலும் கடைகளின் இரும்பு ஷட்டர்களிலும் 2014 முதல் தீட்டி வருகிறார்கள். வியாபாரம் நடக்கும் வேளையில் மேலே சுருண்டு கிடக்கும் பறவை, கடை சாத்திய பிறகே தெருவுக்குத் தரிசனம் தருகிறது என்பது அங்குள்ள விசேஷம். பெல்ஜியத்துக் கெண்ட் நகரத்தவரான ரோவா என்னும் ஓவியரோ, எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூர்ப் பிராணியையே, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், சில சமயம் எலும்பும் குடலும் வெளித்தெரிய, பிரம்மாண்டமாக எழுதுபவர். தெருவைப் பிரகாசமாக்குவது அவர் நோக்கமன்று. எனினும், கண்ணுக்கு இனிய நூறு மயில்களைக் காட்டிலும் அவருடைய எலி ஒன்று நினைவில் தங்குகிறது.

மொரப்பூரின் சுவர்களுக்கு எவற்றைத் தேர்வது என்ற கேள்விக்கு வருவோம். 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய், முதலை, மென்னோட்டு ஆமை, சாம்பல் நிற மலை அணில், நாற்கொம்பு மான் என்று, உள்ளூர்ப் பிள்ளைகளிற் பலர் பாடப்புத்தகத்திலும் பார்த்திராத பிராணிகள் அங்கு உள்ளன. யானையைச் சேர்ப்பதானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏனெனில் 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டு, கன்றுகள் இரண்டு தாயற்று நின்றன. அதே மாதத்தில், மொரப்பூருக்குப் பக்கத்துக் கம்பைநல்லூர்ப் பகுதியிலும் ஒரு யானை மின்கம்பி பட்டு இறந்தது. நடுகல் வெட்டியவனாயிருந்தால் இச்சம்பவங்களைத்தான் முதலில் எடுத்திருப்பான். தும்பிக்கை தூக்கி ஆசீர்வதிக்கும் கோயில் யானையை எழுதிவிட்டுப் போவதில் அவனுக்குத் திருப்தி இராது.

இனி, தொழில் சம்பந்தமான சில விஷயங்கள். பல ஆண்டுகளாகச் சுண்ணாம்பு ஏறிய சுவரை அடிவரை சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகே வண்ணம் நிற்கும். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் எவ்வளவு உயர்ந்த எமல்ஷனும் அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உதிரும். நீலம் தோய்த்த நூலை இழுத்துத் தெறிக்கவிட்டுக் கட்டம் போட்டு, கையகலப் படத்தைப் பன்னிரண்டடிக்குப் பெருக்கும் வித்தை பழைய பெயிண்டர்களுக்குக் கைவந்தது. புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் குறைவது விலங்கின் பரிச்சயம் ஒன்றுதான். ஆகவே நீர்நாய்க்கு வனக்காப்பாளரையும், இவ்வட்டாரத்துக்கு உரிய ஆலம்பாடி மாட்டுக்கு அதை வளர்த்தவரையும் சாரத்தின் கீழே நிறுத்திக்கொண்டு, நெருங்கி முளைத்துப் பின்னோக்கி வளையும் கொம்பை ஓவியர் பக்கவாட்டில் விரித்துவிட்டால், வண்ணம் ஏறுவதற்கு முன்பாவது திருத்தச் சொல்லும் உரிமையை அவர்களுக்கு அளித்து, ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் வேலையைத் தொடங்கலாம்.