நோட்டுக்கு ஏற்ற உறை

கரூரை அடுத்த அமராவதி ஆற்று மணலில் அகப்பட்ட சேரர் காசுகளும் ரோமாபுரிக் காசுகளும், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீரிலும் மணலிலும் கிடந்த பின்னரும் தம் முகத்தை முற்றிலும் இழந்துவிடவில்லை என்பது நாணய ரசிகர்கள் யாவரும் அறிந்த விஷயம். உலோகத்துக்கு அந்தப் பாக்கியம் உண்டு, காகிதத்துக்கு இல்லை. சில வருஷங்கள் கைமாறி, கசங்கி, அழுக்கேறி, கடைசியில் வங்கிக்கே திரும்பிப்போய் அழிவதற்கென்று பிறந்த ஒரு கரன்சி நோட்டை, அதன் தலைவிதிக்கு மாறாக நூறு வருஷம் வாழவைக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படும் அந்தக் கணத்திலேயே, அதை எதற்குள் வைப்பது என்ற கேள்வியும் பிறந்துவிடுகிறது. ஆயினும் நோட்டின் கையொப்பத்தையும் நீரோட்டக் குறியையும் தொடர் எண்ணையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் அன்பர்கள், அது குடியிருக்கும் உறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. உறையும் ரசனைக்குரிய பொருளே என்பது என் கட்சி. மற்ற கைவினைப் பொருள்களெல்லாம் ஏதேனும் ஒன்றைச் செய்வதால் சிறப்படைய, நல்ல உறையோ, தன்னுள் இருக்கும் காகிதத்துக்கு யாதொன்றும் செய்யாமல், அதற்கு எதையும் தராமலும் அதனிடமிருந்து எதையும் கவராமலும் இருப்பதனாலேயே சிறப்படைகிறது.

இந்த நிர்க்குணத்தின் அருமையை உணர, உள்ளே வைக்கப்படும் பொருளின் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முதல் உலக யுத்தத்தின் வெள்ளிப் பஞ்சத்தால், 1917 நவம்பர் 30ஆம் தேதி வெளியான ஒரு ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் உருவத்தையே முகப்பில் அச்சிட்டு, இது அந்த நாணயத்துக்கு ஈடு என்று பாமர ஜனங்களையும் நம்பவைக்க முயன்ற அந்தச் சிறு தாளின் பின்புறத்தில், தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளில் அதன் மதிப்பு எழுதப்பட்டிருந்தது. இருபத்தைந்து தாள்கள் கொண்ட சிறு புத்தகமாகக் கட்டி, ஓரத்துத் துளைவரிசையில் கிழித்துக் கொடுக்கும்படி அது வழங்கப்பட்டதால், இன்று நமக்குக் கிடைக்கும் பிரதியின் ஒரு பக்கத்து விளிம்பில் அந்தப் பல்வரிசையின் எச்சம் காணப்படும். அதற்குப் பின்வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் அதுவும் 1926 ஜனவரி முதல் தேதியோடு நிறுத்தப்பட்டன. எட்டே வருஷ ஆயுளுக்கென அச்சான அந்தத் தாளின் பல்விளிம்பு எவ்வளவு மிருதுவானது என்பதை அறிந்தவரே, அதை இறுக்கமான உறைக்குள் திணிக்க மனம் துணியாதவராவார்.

நோட்டுக் காகிதம் செய்தித்தாளைப்போல மரக்கூழிலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் பருத்தி நாரிலிருந்து வந்தது. ஆகவே தனக்குள்ளேயே அமிலத்தை வளர்த்துப் பழுப்பேறி உதிரும் குணம் அதற்குக் குறைவு. அதன் சத்துருக்கள் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறார்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும், வெயிலின் கடுமையும், மழைக்காலத்தின் ஈரமும், தாளுக்கு விறைப்புத் தருவதற்காக ஊட்டப்பட்ட பசையை நாடிவரும் இராமபாணப் பூச்சியும் இந்த வரிசையில் அடங்கும். இவற்றிலிருந்து காப்பதாக வாக்களித்து வந்து, தானே எல்லாரினும் பெரிய சத்துருவாகிவிடும் ஒரு பொருளும் உண்டு. அதுதான் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்த மலிவான ஆல்பம்.

கடையில் விரித்துக் காட்டும்போது அதைப்போல் மனத்தைக் கவரும் வஸ்து வேறில்லை. கண்ணாடிபோல் பளபளக்கும், கையில் குழைந்து வளையும், புதிய மழைக்கோட்டின் நெடி ஒன்று அதன் பக்கங்களிலிருந்து வீசும். அந்தக் குழைவும் நெடியும் எதிலிருந்து பிறக்கின்றனவோ அதுவே விஷம். சுபாவத்தில் விறைப்பான பி.வி.சி.யை இளக்குவதற்காக அதனுடன் கலக்கப்படும் எண்ணெய் போன்ற ரசாயனம், பிளாஸ்டிக்கோடு நிலையாக ஒன்றிவிடாமல், வருஷங்கள் செல்லச் செல்ல வெளியே கசிந்து, அடுத்திருக்கும் காகிதத்துக்குள் இறங்குகிறது. உஷ்ணத்தாலும் வெளிச்சத்தாலும் பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அத்தகைய ஆல்பத்தில் பல வருஷம் கிடந்த நோட்டை எடுக்க முயன்றவர்கள் அதன் விளைவைப் பிரத்தியட்சமாகக் கண்டிருப்பார்கள். நோட்டு நழுவி வருவதில்லை. ஒட்டியிருந்து, மெல்லிய ஓசையுடன் உரிந்து வருகிறது. உரிந்த பின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தொடர் எண்ணின் மை இடவலம் மாறிய நிழலாக அந்தப் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் பதிந்திருக்கிறது. அந்த நிழலின் அளவு மை நோட்டிலிருந்து போய்விட்டது என்பதே அதன் பொருள். போனதை மீட்க எந்த வித்தையாலும் முடியாது.

விற்பவரின் வாய்ச்சொல்லை நம்புவதற்குப் பதிலாக, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய பழைய ரசாயனப் பரீட்சை ஒன்று இருக்கிறது. தடித்த செப்புக் கம்பி ஒன்றின் மேலுறையைச் சீவிவிட்டு, ஒரு முனையைக் குறட்டால் பற்றி, மறு முனையை அடுப்பின் நீலச் சுடரில், சுடரில் நிறமாற்றம் ஏதும் தோன்றாத நிலை வரும் வரையில், செக்கச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டோடு சந்தேகத்துக்குரிய உறையிலிருந்து நறுக்கிய சிறு துண்டின்மேல் முனையை வைத்தால், உருகிய பிளாஸ்டிக் இம்மியளவு கம்பியில் ஒட்டிக்கொள்ளும். மறுபடியும் சுடரில் காட்டும்போது, பளீரென்று பச்சை நிறம் எழுமானால் அதில் குளோரின் உண்டு. உறை பெரும்பாலும் பி.வி.சி. என்று தீர்மானித்து ஒதுக்கிவிடலாம். எழும் புகை நல்லதன்று ஆகையால் ஜன்னலைத் திறந்துவைத்து, நோட்டுகள் இருக்கும் அறையை விட்டு விலகிச் செய்ய வேண்டிய காரியம் இது.

இனி, உத்தமமான உறைக்கு வருவோம். மைலார் என்றும் மெலினெக்ஸ் என்றும் வியாபாரப் பெயர்களால் வழங்கும் பாலியெஸ்டர் படலமே உலகத்தின் பெரிய ஆவணக் காப்பகங்கள் நெடுங்காலமாக நம்பிவரும் பொருள். இளக்கும் எண்ணெய் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆகவே கசிவதற்கும் எதுவும் இல்லை. முகர்ந்தால் நெடி இல்லை. விரலால் சுண்டினால் புதிய சலவை நோட்டின் மொடமொடப்புக்கு இணையான ஓசை எழும். வருஷங்கள் கழிந்தாலும் பழுப்பேறாத ஸ்படிகத் தெளிவு இதன் தனிச் சிறப்பு. ஐம்பது மைக்ரானிலிருந்து நூறு மைக்ரான் வரை பல கனங்களில் இது கிடைக்கிறது. ஐம்பது மைக்ரான் உறை ஆல்பத்தில் அடுக்குவதற்கும், நூறு மைக்ரான் உறை தனியே கையில் எடுத்துக் காட்டும் அபூர்வ நோட்டுக்கும் பொருந்தும். அந்தக் காலத்து நோட்டுகளில் ஒரு புறம் மட்டும் அச்சாகி, மறுபுறம் வெறுமையாய் விடப்பட்டவை உண்டு. கைமாறிய வழியில் வங்கிகளும் வணிகர்களும் இட்ட முத்திரைகளும் கையெழுத்துகளும் அந்த வெற்றுப் பக்கத்தில்தான் குடியேறியிருக்கும். அவற்றை நோட்டைத் தொடாமலே நிதானமாகப் படிக்கும் இன்பத்தை, இரு புறமும் ஒரே தெளிவோடு ஒளிவிடும் இந்த உறை ஒன்றே முழுமையாக அளிக்கிறது.

குறைகளும் இல்லாமலில்லை. விலை அதிகம். உராய்ந்தால் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். மூலைகள் கூராக வெட்டப்பட்டிருந்தால் பக்கத்து நோட்டைக் கீறும். ஆதலால் மூலை உருட்டப்பட்டிருப்பதே சிலாக்கியம். பாலியெஸ்டருக்கு வசதியில்லாதவர்கள், மேற்பூச்சு ஏதுமில்லாத பாலிப்ராப்பிலீன் உறையைத் தயக்கமின்றிக் கொள்ளலாம். தெளிவில் சற்று இளைத்தாலும் குணத்தில் அதுவும் சாதுவே. ஆனால் ஜவுளிக்கடையில் சட்டை மடித்துத் தரும் பையும் பாலிப்ராப்பிலீன்தானே என்று அதைப் பயன்படுத்துவோர், அதன் வாயிலுள்ள பசைப் பட்டையை மறந்துவிடக் கூடாது. நோட்டை உருவும்போது அதன் விளிம்பு அந்தப் பசையில் ஒருமுறை தொட்டால் போதும். காகிதத்தின் மேல்நார் பெயர்ந்து போய்விடும். லாமினேஷன் செய்து வைக்கும் பழக்கத்தைப் பற்றி விவரித்துப் பேசவே வேண்டியதில்லை. சூடும் பசையும் சேர்ந்து நோட்டைப் பிளாஸ்டிக்கோடு ஒரே உடலாக்கிவிட்ட பிறகு, அது சேகரத்துக்கு உரிய பொருளாக இருப்பதில்லை.

பொருளை அடுத்து, அளவு. நம் நாட்டு நோட்டுகளைச் சேகரிப்பவருக்கு இதுவே பெரிய சிக்கல். 1938 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தன் முதல் நோட்டான ஐந்து ரூபாயை வெளியிட்ட காலம் தொட்டு நிலவிய பெரிய அளவுகள், பொருளாதார நெருக்கடியால் 1967இல் சுருக்கப்பட்டன. பின்னர் மகாத்மா காந்தி வரிசையில் 157 மில்லிமீட்டர் நீளமும் 73 மில்லிமீட்டர் அகலமுமாக இருந்த நூறு ரூபாய், இன்றைய வரிசையில் 142க்கு 66 என்று இன்னும் இளைத்துவிட்டது. பத்து ரூபாயோ 123க்கு 63தான். ஒரே ஆல்பத்தின் ஒரே அறைக்குள் இவை யாவும் அடங்கும் என்று எதிர்பார்ப்பது, குடும்பத்தில் அனைவருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போன்றது. அறை பெரிதானால் நோட்டு உள்ளே அங்குமிங்கும் நழுவி மூலை மழுங்கும். சிறிதானால் விளிம்பு மடியும். நான்கு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு அமைவதே உசிதம்.

உறையின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதிலும் ரசிகர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. குறுகிய பக்கத்தில் திறந்தால் நோட்டு தவறி விழாது. ஆனால் முழு நீளத்துக்கும் உராய்ந்தபடியே உள்ளே போக வேண்டும். நீண்ட பக்கத்தில் திறந்தால் நுழைப்பது எளிது. கவனமில்லாத கையில் நழுவிவிடும். இரண்டு பக்கங்கள் மட்டும் ஒட்டப்பட்டு, மற்ற இரண்டும் திறந்திருக்கும் உறையையே நான் விரும்புவேன். நோட்டை ஒரு மெல்லிய அமிலமற்ற அட்டையின்மேல் கிடத்தி, அட்டையோடு உள்ளே செலுத்தி, நோட்டின் விளிம்பை உறைக்கு வெளியிலிருந்து விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு அட்டையை மட்டும் உருவிவிட்டால், மிக நைந்த நோட்டும் யாதொரு நலிவுமின்றி அமர்ந்துவிடும். நான்கு பக்கமும் அடைத்துவிடுவதிலோ ஓர் அபாயம் இருக்கிறது: அமிலம் ஏறிய காகிதத்தை முற்றிலும் மூடிவிட்டால், அது விடும் ஆவி போக்கிடமின்றி அதையே மீண்டும் அரிக்கும்.

2005இல் தொடங்கிய பி.எம்.ஜி. போன்ற தரநிர்ணய நிறுவனங்கள், எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, விறைப்பான உறையில் அடைத்துத் தரும் நோட்டுகள் இன்று சந்தையில் மிகுந்த கௌரவம் பெற்றிருக்கின்றன. உறை என்ற அளவில் அவற்றில் குறை சொல்ல அதிகமில்லை. தூரதேசத்துக்கு நோட்டை அனுப்புவோருக்கும், கள்ளப் பிரதிக்கு அஞ்சுவோருக்கும் அவை பெரிய ஆறுதல். எனினும் தலைமாட்டில் ஒட்டிய எண்ணையே கண் முதலில் நாடிச்சென்று, அதன் பிறகே நோட்டுக்கு இறங்கிவருகிறது. இந்த அளவில் அந்த உறை தன் மௌனத்தைக் கலைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் வாழ்பவருக்கு, உறையைச் சூழ்ந்த காற்றையும் கவனித்தே ஆக வேண்டும். காற்றின் ஈரப்பதம் அறுபத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் தலைகாட்டத் தொடங்கும். இங்கே வருஷத்தில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேற்பட்டதே. ஐப்பசி அடைமழையில் வாங்கிய நோட்டை அப்போதே உறையில் இட்டால், ஈரத்தையும் சேர்த்து உள்ளே வைத்ததாகும்; வெயில் காய்ந்த பகலுக்காகக் காத்திருப்பதே விவேகம். வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில், உறைக்குள் அல்லாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்து, நிறம் மாறும்போது சூடேற்றிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்துருண்டையை மட்டும் அந்தப் பக்கமே அண்டவிடலாகாது. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும் வல்லமை உடையது.

உறைக்குள் போவதற்கு முன் நோட்டை அழகுபடுத்தத் தோன்றும் சபலத்தையும் அடக்க வேண்டும். வங்கிகள் நோட்டுக் கட்டுகளைக் கம்பி அடித்தே வழங்கிவந்த வழக்கத்தைக் கைவிட்டுக் காகிதப் பட்டை கட்டும்படி ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது 2001 நவம்பரில்தான். ஆகவே அதற்கு முந்திய இந்திய நோட்டு, ஒருவர் கையும் படாத சலவை நோட்டாக இருப்பினும், இடது ஓரத்தில் துளைகளோடு இருப்பது சகஜம். துளையை அடைக்கவோ மடிப்பை இஸ்திரி போட்டு நீக்கவோ முயல்வது, புடைத்து நிற்கும் அச்சின் உயிரைத் தட்டையாக்கிவிடும். துளையின் ஓரத்தில் துருப்பிடித்த கம்பித் துணுக்கு ஏதும் தங்கியிருக்கிறதா என்று மட்டும் பூதக்கண்ணாடியால் பார்த்து, இருந்தால் அகற்றிவிட்டு, மற்றதை உள்ளபடியே ஏற்றுக்கொள்வதே பண்பு.

உறையின் யோக்கியதையை முடிவாகச் சோதிக்கும் இடம், நோட்டு அதிலிருந்து வெளியே வரும் இடமே. எத்தனை வருஷம் கழிந்து உருவினாலும், உள்ளே போனபோது இருந்த அதே நிலையில், ஒட்டாமல், நிறம் மாறாமல், அது அடுத்த உடைமையாளரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தச் சோதனையில் தேறும் உறைகளை அருமையான நோட்டுக்கென்று ஒதுக்கிவிட்டு, சாதாரண நோட்டுகளைக் கிடைத்த பையில் போட்டுவைக்கும் வழக்கத்துக்கு நான் உடன்படமாட்டேன். 1917இன் ஒரு ரூபாயும் தன் காலத்தில் மளிகைக்கடைக் கல்லாவில் கிடந்த சாதாரண நோட்டே. இனிப் பேணியும் பயனில்லை என்ற அளவுக்கு அதன் உடன்பிறப்புகள் அழிந்த பின்னரே எஞ்சியது அருமையாயிற்று. நாளைக்கு எது அருமையாகும் என்று இன்று தீர்மானிக்க எவருக்கும் இயலாதாகையால், சேகரத்தில் இடம் பெற்ற ஒவ்வொரு தாளுக்கும் ஒரே தரத்து உறையை அளிப்பதும், அதற்கு வகையில்லாதபோது நோட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதுமே, என் மதிப்பில், முறையான ரசனை.